கச்சத்தீவுத் தீர்மானத்தில் நான் ஏன் கையெழுத்திடவில்லை?

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து, காபியும் சுண்டலும் பரிமாறப்பட்ட வேளையில், ஒரு தீர்மான நகல் கையெழுத்துக்காக வரிசை வரிசையாக வந்தது. கச்சத்தீவை இந்திய அரசு உடனடியாக மீட்க வேண்டும் என்பது அதன் சாரம். மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் தாராவியிலிருந்தும் வந்திருந்த அன்பர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கையெழுத்திட்டார்கள். தாள் என்னிடம் வந்தபோது அதை அடுத்தவரிடம் நகர்த்திவிட்டேன்.

பக்கத்தில் அமர்ந்திருந்த தாராவி அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன தம்பி, நீங்க ராமநாதபுரத்துக்காரர். நீங்களே போடலைன்னா எப்படி?" என்றார். "பொறவு சொல்றேன் அண்ணாச்சி" என்று அப்போதைக்குத் தப்பித்துக்கொண்டேன். அதன் பிறகு இரண்டு மூன்று அன்பர்கள் தொலைபேசியிலும் கேட்டுவிட்டார்கள். ஒருவர், "தமிழன் என்ற உணர்வு வேண்டாமா?" என்றே கேட்டார். எனவே பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

கச்சத்தீவு என்ற பெயர் எனக்குச் செய்தித்தாளில் அறிமுகமானதன்று. தங்கச்சிமடத்தில் இருந்த என் தாய்மாமன் ஆண்டுதோறும் அந்தோணியார் கோயில் திருவிழாவுக்குப் படகில் போய் வருவார். போகும்போது கைலியும் சேலையும் போகும். வரும்போது சோப்பும் தேங்காய் எண்ணெயும் வரும். நெடுந்தீவுக்காரர்கள், யாழ்ப்பாணத்துக்காரர்கள், நம்மவர்கள் எல்லாரும் ஒரே மணலில் படுத்துறங்கி, ஒரே பூசையைக் கண்டு, மறுநாள் அவரவர் கரைக்குத் திரும்புவார்களாம். "அங்கே என்ன மாமா இருக்கு?" என்று சிறுவனாக நான் கேட்டதற்கு, "ஒண்ணுமில்லடா. குடிக்கத் தண்ணிகூட கிடையாது. சனங்கதான் இருக்கும்" என்றார். அந்தப் பதில் இன்றும் என் காதில் இருக்கிறது.

சீதனமாக வந்த ஊர்

கச்சத்தீவுக்குப் போகுமுன், நாம் குடியிருக்கும் இந்த ஊரைச் சற்றுப் பார்ப்போம். மும்பையும் ஒரு காலத்தில் தீவுதான், அதுவும் ஏழு தீவுகள். 1661-ஆம் ஆண்டு போர்ச்சுக்கல் இளவரசி கேத்தரினை இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் மணப்பதற்காகச் செய்துகொள்ளப்பட்ட ஒப்பந்தத்தில் பம்பாய் சீதனமாகக் கொடுக்கப்பட்டது. கொடுத்தது எந்தெந்தப் பகுதி என்பதிலேயே தகராறு வந்தது. மாகிம் அதில் சேராது என்றார்கள் போர்ச்சுக்கீசியர், சேரும் என்றார்கள் ஆங்கிலேயர். தீவைப் பெற்றுக்கொள்ள 1662-இல் வந்த ஆங்கிலப் படையினர், கார்வார் அருகே அஞ்சதீவில் காத்துக்கிடந்து பெரும்பாலோர் நோயில் மடிந்தார்கள். 1665-இல்தான் பம்பாய் கைமாறியது. 1668-இல் ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் அது போய்ச் சேர்ந்தது.

சயான் நிலையத்தில் இறங்கும் நம்மவர்கள் அருகிலுள்ள குன்றின்மேல் ஓர் இடிந்த கோட்டையைப் பார்த்திருப்பார்கள். ஆங்கிலேயரின் பம்பாய்க்கும் போர்ச்சுக்கீசியரின் சாஷ்டித் தீவுக்கும் அதுவே எல்லைக் காவல். அன்றைய கணக்கில் மாட்டுங்கா ஒரு நாடு, செம்பூர் வேறு நாடு! இன்று இரண்டு ஊர்த் தமிழர்களும் ஒரே கூட்டத்தில் சுண்டல் சாப்பிடுகிறோம்.

இந்தச் சீதனத்தில் யாரும் கேளாத ஒரு கூட்டம் உண்டு. மாகிம் கழிமுகத்திலும் வொர்லியிலும் தாராவியிலும் தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்து வந்த கோலி மக்கள். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்களே, அதுதான் நடந்தது. உடைத்தவர் ஒருவர், புண்ணியம் இன்னொருவருக்கு, தேங்காய்க்காரனை யாரும் கேட்கவில்லை.

கச்சத்தீவின் கதையும் இதேதான் என்பது என் கருத்து.

கைமாறிய விதம்

பாக் நீரிணையில், இராமேசுவரத்திலிருந்து ஏறக்குறைய 12 கடல் மைலிலும், இலங்கையின் நெடுந்தீவிலிருந்து ஏறக்குறைய 10 கடல் மைலிலும் கிடக்கும் 285 ஏக்கர் நிலம் கச்சத்தீவு. குடியிருப்பு கிடையாது. இராமநாதபுரம் சேதுபதிகளின் சமஸ்தானத்தைச் சேர்ந்தது என்பதற்கு நம் தரப்பில் காட்டப்படும் சான்றுகளில் ஒன்று, சாயவேர் எடுக்க 1880-இல் அங்கிருந்து கொடுக்கப்பட்ட குத்தகை. 1921-இல் சென்னை அரசும் இலங்கை அரசும் மீன்பிடி எல்லை பற்றிப் பேசியபோது, தீவு இலங்கைப் பக்கம் விழும்படி கோடு கிழிக்க இசைந்தார்கள். ஆனால் ஜமீனின் உரிமையை நம் தரப்பு விட்டுக்கொடுக்கவில்லை. அந்த உடன்பாடும் முறைப்படி உறுதிசெய்யப்படவில்லை.

1961-இல் பிரதமர் நேரு, இச்சிறு தீவுக்குத் தாம் முக்கியத்துவம் தரவில்லை என்ற பொருளில் கோப்பில் எழுதினார். 2024-இல் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே அது வெளிவந்து, தேர்தல் நேரத்தில் பெரும் பேச்சானதை வாசகர்கள் அறிவார்கள். 1974 ஜூன் 26 அன்று கொழும்பிலும் 28 அன்று புதுடில்லியிலுமாக இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், தீவுக்கு மேற்கே ஒரு மைல் தள்ளிக் கோடு போட்டது. தீவு இலங்கையுடையதாயிற்று.

டில்லி ஏன் இசைந்தது? 1971 வங்கதேசப் போரையொட்டி, இந்திய வான்வழி மூடப்பட்ட நிலையில், பாகிஸ்தான் விமானங்கள் கொழும்பில் எரிபொருள் நிரப்பிச் சென்றன. தென் வாசலில் இருக்கும் அண்டை நாட்டை நட்பில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கவலை டில்லிக்கு இருந்தது. கடல்வழியைக் காக்க நினைக்கும் எந்தப் பெரிய நாடும் இப்படித்தான் கணக்குப் போடும். அந்தக் கணக்கில் மீனவன் ஓர் எண்ணாகக்கூட வருவதில்லை. எண்ணாக வந்தவர்களின் கதி அதைவிட மோசம். அதே 1974 ஜனவரியில்தான், மலையகத் தமிழர்களில் எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரை ஆளுக்கு எழுபத்தையாயிரம் என்று இரு நாடுகளும் பங்கிட்டுக்கொண்டன. அவர்களையும் யாரும் கேட்கவில்லை.

தமிழக முதல்வராயிருந்த கலைஞர் கருணாநிதி எதிர்ப்புத் தெரிவித்தார். சட்டமன்றம் 1974 ஆகஸ்டில் தீர்மானம் போட்டது. ஆனாலும் அந்த ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவில் ஒரு நல்ல வாசகம் இருந்தது. இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே கச்சத்தீவுக்குப் போய்வரலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ வேண்டியதில்லை என்பதே அது. மீன்பிடி, வழிபாடு, கப்பல் போக்குவரத்து ஆகிய மூன்று உரிமைகளும் காக்கப்பட்டிருப்பதாக வெளியுறவு அமைச்சர் சுவரண்சிங் நாடாளுமன்றத்தில் உறுதி கூறினார்.

அந்த உறுதி இரண்டு ஆண்டுகூடத் தாங்கவில்லை. 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவில் எல்லை வகுத்தபோது, இரு நாட்டுச் செயலாளர்களும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக்கூடாது என்று எழுதிவிட்டார்கள். அப்போது நாட்டில் நெருக்கடி நிலை. தமிழக ஆட்சியும் அந்த ஜனவரியில் கலைக்கப்பட்டிருந்தது. கேட்பார் இல்லை. அந்த 1976 ஏற்பாட்டில்தான் கன்னியாகுமரிக்குத் தெற்கே மீன்வளம் மிகுந்த வாட்ஜ் திட்டு நம் உரிமையாயிற்று என்பதையும் சொல்லவேண்டும். கச்சத்தீவு பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

எனவே அண்ணாச்சியின் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். இந்திய நிலத்தை வேறு நாட்டுக்குக் கொடுக்க அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும் என்று பெருபாரி வழக்கில் 1960-லேயே உச்சநீதிமன்றம் கருத்துரைத்திருந்தது. கச்சத்தீவுக்கு அப்படி எந்தத் திருத்தமும் செய்யப்படவில்லை. அது கொடுக்கப்பட்ட நிலமன்று, எல்லை வகுக்கப்படாதிருந்த இடம் என்பது மத்திய அரசின் வாதம். ஜெயலலிதா 2008-லும் கருணாநிதி 2013-லும் உச்சநீதிமன்றம் சென்றார்கள். தீவைத் திரும்பப்பெற வேண்டுமானால் போர்தான் தொடுக்க வேண்டும் என்ற பொருள்பட மத்திய அரசின் தலைமை வழக்கறிஞர் 2014-இல் அங்கே பேசினார். உலக நீதிமன்றம் போகலாமே என்றால், காமன்வெல்த் நாடுகளோடுள்ள தகராறுகளை அந்த மன்றத்தின் அதிகாரத்துக்கு வெளியே வைத்திருப்பதே இந்தியாதான். 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் மீண்டும் தீர்மானம் போட்டது. அதே ஆண்டு செப்டம்பர் முதல் நாள் இலங்கை அதிபர் அனுர குமார திசாநாயக்க கச்சத்தீவுக்கே நேரில் போய் வந்தார். ஆக, ஐம்பது ஆண்டுத் தீர்மானங்களின் பலன் இவ்வளவுதான்.

தீவு வந்தால் மீன் வருமா?

இனி என் கேள்விக்கு வருகிறேன். நாளையே கச்சத்தீவு நம் கைக்கு வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். என்ன ஆகும்? நடுக்கோடு ஐந்தாறு மைல் கிழக்கே நகரும். அவ்வளவுதான். நம் விசைப்படகுகள் பிடிபடுவது கச்சத்தீவு அருகே மட்டுமன்று. நெடுந்தீவு, தலைமன்னார், காங்கேசன்துறை வரை போய்ப் பிடிபடுகின்றன. ஏன் அவ்வளவு தூரம் போகிறார்கள்? நம் பக்கத்துக் கடலில் மீன் குறைந்துவிட்டது. ஏன் குறைந்தது? கடலின் அடித்தரையையே வாரிக்கொண்டு வரும் இழுவை மடிகளால்.

பாக் நீரிணை ஆழமில்லாத கடல். கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு தொழில் செய்யக்கூடாது என்பது 1983-ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டம். அந்த மூன்று மைலைக் கழித்து, எல்லைக்கோட்டையும் கழித்தால், மிஞ்சுவது ஒரு குறுகிய பட்டை. அந்தப் பட்டையில் பல நூறு விசைப்படகுகள் உழுதால் குஞ்சும் முட்டையும் மிஞ்சுமா? நம் ஊரிலேயே விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று பங்குபோட வேண்டி வந்ததே, அது இலங்கைக் கடற்படையால் வந்த வினையா? நம் நாட்டுப்படகுக்காரர் வலையை நம் விசைப்படகே அறுத்ததால் வந்தது.

அக்கரையில் இருப்பவர் யார் என்பதையும் நாம் நினைத்துப் பார்க்கவேண்டும். 1983 முதல் 2009 வரை போர்க்காலத்தில் வடபகுதித் தமிழ் மீனவர்களுக்குக் கடல் பெரும்பாலும் மூடப்பட்டிருந்தது. போர் முடிந்து, கடன் வாங்கிச் சிறு படகும் வலையும் வாங்கிக் கடலுக்குப் போனவர்கள், விடிந்து பார்த்தால் வலை இல்லை. இரவில் நம் மடி இழுத்துக்கொண்டு போயிருக்கும். 2021 அக்டோபரில் முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறை வரை அவர்கள் படகுப் பேரணி நடத்தியது இதற்காகத்தான். அடித்தரை இழுவையை இலங்கை 2017-இல் சட்டத்தால் தடைசெய்துவிட்டது. அக்கரைத் தமிழனுக்காக மாட்டுங்காவில் நாம் கண்ணீர் விட்ட காலம் உண்டு. இன்று அவன் வலை அறுபடுவது நமக்குச் செய்தியாகக்கூட இல்லை.

நம் மீனவர் பட்ட பாட்டை நான் மறைக்கவில்லை. போர்க்காலத்தில் பலர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். 2024-ஆம் ஆண்டில் மட்டும் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டார்கள். பிடிபட்ட படகுகள் திரும்பி வருவதில்லை. அந்த ஆண்டு ஜூனில் நம் படகைப் பிடிக்க முயன்ற இலங்கைக் கடற்படை வீரர் ஒருவரும், ஆகஸ்டில் இராமேசுவரம் மீனவர் ஒருவரும் உயிரிழந்தார்கள். கைதுகளைக் கண்டித்து அந்த ஆண்டு அந்தோணியார் திருவிழாவையே நம்மவர்கள் புறக்கணித்தார்கள். என் மாமன் சொன்ன அந்தச் 'சனங்க'ளும் அன்று கச்சத்தீவில் பாதிதான் இருந்திருப்பார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இங்கே இரண்டுபட்டு நிற்பவை இரண்டும் தமிழ் ஊர்கள்.

உலகம் கண்ட வழி

தீவுத் தகராறு நமக்கு மட்டும் வந்ததன்று. செங்கடல் வாயிலில் ஹனீஷ் தீவுகளுக்காக ஏமனும் எரித்திரியாவும் 1995 டிசம்பரில் துப்பாக்கி ஏந்தின. பிறகு நடுவர் மன்றத்தை நாடின. 1998 தீர்ப்பு பெரும்பாலான தீவுகளை ஏமனுக்குக் கொடுத்தது. கூடவே, தீவு யாருடையதாயினும் இரு நாட்டு மீனவர்களும் காலங்காலமாகச் செய்துவந்த மீன்பிடித்தொழில் தொடரவேண்டும் என்றது. அடுத்த ஆண்டுத் தீர்ப்பில், அந்த உரிமை சிறுதொழில் மீனவருக்கு உரியது, பெருந்தொழில் படகுகளுக்கு அன்று என்றும் தெளிவாக்கியது.

தென்சீனக் கடலில் ஸ்கார்பரோ திட்டு பற்றி 2016-இல் வந்த தீர்ப்பும் இதே வழியில் போனது. திட்டு சீனாவுடையதா பிலிப்பைன்சுடையதா என்று அந்த மன்றம் சொல்லவே இல்லை. ஆனால் பிலிப்பைன்ஸ் மீனவர்களின் மரபுத் தொழிலைச் சீனா தடுத்தது தவறு என்றது. தீவின் பட்டா வேறு, கடலின் பிழைப்பு வேறு என்பதே இந்த இரண்டு தீர்ப்புகளின் பாடம்.

வேடிக்கையான இன்னொன்றும் உண்டு. வங்கக்கடலில் 1970-களில் தலைகாட்டிய ஒரு மணல்திட்டை நாம் நியூமூர் என்றோம், வங்கதேசத்தார் தெற்குத் தல்பட்டி என்றார்கள். போர்க்கப்பல் அனுப்புமளவுக்குச் சண்டை. 2010-க்குள் கடலே அதை விழுங்கிவிட்டது.

வொர்லி காட்டிய பாடம்

பெரிய திட்டங்களில் மீனவன் பேச்சு எடுபடுமா என்று கேட்பீர்கள். நம் கண்ணெதிரே எடுபட்டிருக்கிறது. கடற்கரைச் சாலைப் பாலம் வொர்லி கோலிவாடாவின் வாசலில் வந்தபோது, தூண்களுக்கிடையே 60 மீட்டர் இடைவெளி படகுக்குப் போதாது என்று கோலிகள் போராடினார்கள். முடியாது என்றார்கள் பொறியாளர்கள். 2022 டிசம்பரில் அரசு 120 மீட்டருக்கு ஒப்புக்கொண்டது. சுருக்குமடி வலைக்கு மகாராஷ்டிர அரசு 2016-இல் கட்டுப்பாடு விதித்ததும் சிறுபடகு மீனவர்களின் குரலால்தான். கடலை அறிந்தவனைக் கேட்டால் வழி பிறக்கிறது.

பாக் நீரிணையிலும் இரு கரை மீனவர்களும் 2014 ஜனவரியில் சென்னையிலும் மே மாதம் கொழும்பிலும் எதிரெதிரே அமர்ந்து பேசினார்கள். இழுவையை நிறுத்துங்கள் என்றார்கள் அவர்கள். அவகாசம் கொடுங்கள் என்றார்கள் நம்மவர்கள். இழுவைப் படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்ற 2017-இல் வந்த திட்டம், மூன்றாண்டில் 2000 படகு என்று இலக்கு வைத்தது. படகொன்றுக்கு 80 லட்சம் ரூபாய். அதில் பாதி மத்திய அரசும் ஐந்தில் ஒரு பங்கு மாநில அரசும் தரும். மீதி படகுக்காரர் பொறுப்பு. பாக் நீரிணையில் நாள் தொழில் செய்து மாலையில் வீடு திரும்பிப் பழகியவனை, கடன் சுமையோடு வாரக்கணக்கில் ஆழ்கடலுக்கு அனுப்புவது எளிதா? திட்டம் இலக்கின் பக்கத்தில்கூட வரவில்லை.

ஆகவே அன்பர்களே, தீர்மானம் போடவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேறு தீர்மானம் போடுவோம் என்கிறேன். 1974 ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவை இரு அரசுகளும் எழுத்துப்படி நிறைவேற்றட்டும். இரு கரையின் சிறுபடகு மீனவர்களும் பாக் நீரிணையில் நாள் பிரித்துத் தொழில் செய்ய, ஹனீஷ் போன்ற ஓர் ஏற்பாடு வரட்டும். இழுவை மடியை ஒழிக்க ஒரு கடைசி நாள் குறிக்கட்டும், அதுவரை படகுக்காரருக்கும் கூலிக்குப் போகும் தொழிலாளிக்கும் தக்க இழப்பீடு கிடைக்கட்டும். பிடிபட்ட மீனவரைச் சிறையில் வைக்காமல் அனுப்பட்டும். நின்றுபோன மீனவர் பேச்சு மீண்டும் தொடங்கட்டும். இவற்றை எழுதி வாருங்கள், முதல் கையெழுத்து என்னுடையது.

இதைத் தாராவி அண்ணாச்சியிடம் நேரில் சொன்னேன். அவர் குடியிருக்கும் சந்தில், மறுசீரமைப்புக் கணக்கெடுப்புக்காகக் கதவுக்குக் கதவு எண் எழுதியிருக்கிறார்கள். யாருக்கு வீடு, எங்கே வீடு என்று இன்னும் அவருக்குத் தெரியவில்லை. சற்று நேரம் சும்மா இருந்தார். பிறகு, "எங்களையும் யாரும் கேக்கலை தம்பி" என்றார்.

அவரும் இந்தப் புதிய தீர்மானத்தில் கையெழுத்திடுவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த கூட்டத்துக்கு வரும் அன்பர்கள் தவறாமல் பேனாவோடு வரவேண்டுகிறேன்.